போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று

பள்ளிக்கரணை
18-7-93

துளசிங்கத்துக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. நீ நன்றாக இருந்தால் எனக்கு வயிறு எரியும். நன்றாக இல்லாவிட்டால், அதை என் கையால் செய்யவில்லையே என்று எரியும். ஆகவே அதை விடு.

ஓட்டப் பந்தய நோட்டீஸ் நான் விறகு விற்கிற தொட்டி வரைக்கும் வந்துவிட்டது. ஆகஸ்ட் பதினைந்து, சுதந்திர தின மாரத்தான். தாம்பரத்தில் கிளம்பி, வேளச்சேரி வழியாகக் கிண்டி வரை போய், வந்த வழியே திரும்பி மறுபடி தாம்பரம். மொத்தம் இருபத்தாறு மைல். நோட்டீஸ் கொடுத்த பையன், சேலையூர் ஹார்டுவேர்ஸ் கடைக்காரரும் ஓடுகிறாராம், ஐம்பத்தேழு வயதில் என்ன தெம்பு பாருங்கள் சார் என்று என்னிடமே சொல்கிறான். ஊருக்குப் புதியவன் போலிருக்கிறது.

அந்த இருபத்தாறு மைல் யாருடைய ஆசை? நாம் இரண்டு பேரும் உங்கள் ஏரிக்கரையில் ஓடின காலத்தில், கிழவனாவதற்குள் ஒரு தடவையாவது முழு மாரத்தான் ஓடிவிட வேண்டும் என்று சொன்னவன் நான். அவ்வளவு தூரம் ஓடினால் செத்துப்போவோம் மச்சான் என்று இளித்தவன் நீ. நான் முன்னால் ஓடுவேன். நீ நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு பின்னால் வருவாய். அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தானே உன் தங்கை தாயாரம்மாளை எனக்குக் கொடுத்தீர்கள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் சதுப்போரத்து மனையில் எல்லைக் கல் நடுகிற தகராறில், உன் கடைக் கடப்பாரையால் என் வலது முட்டியை உடைத்தாய். நான் அருவாளால் உன் இடது காதில் பாதியை எடுத்தேன். இரண்டுக்கும் சரியாகப் போயிற்று என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். எப்படிச் சரியாகும்? காது இல்லாமல் ஓடலாம்.

இப்போது என் ஆசையை நீ ஓடித் தீர்த்துக்கொள்ளப் போகிறாய். அதுவும் என் வாசல் வழியாக. இரண்டு தடவை தாண்ட வேண்டும், போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று. போகும்போது விட்டுவிடுவேன். திரும்பும்போது, பாதிக்கு மேல் ஓடி, கால் துவண்டு, வாயில் நுரை தள்ளிக்கொண்டு வருவாய் பார், அப்போது தொட்டியிலிருந்து இறங்குவேன். நொண்டி எப்படித் துரத்துவான் என்று கணக்குப் போடாதே. நான் துரத்த வேண்டியதே இல்லை. நீதான் என்னிடம் வருவாய்.

குடித்துவிட்டு எழுதவில்லை. காலையில் பல் விளக்கிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். ஓடாதே. ஓடினால் வெட்டுவேன்.

ஜெயவேலு

*

சேலையூர்
22-7-93

ஜெயவேலுவுக்கு,

உன் கடிதத்தை எனக்கு முன்னால் செல்லியம்மாள் படித்துவிட்டாள். என் கேன்வாஸ் ஷூவைத் தவிட்டு மூட்டைக்குள் ஒளித்துவைத்துவிட்டு, எனக்குத் தெரியவே தெரியாது என்கிறாள். வீடு முழுக்கத் தவிடு. பெண்டாட்டியை அழவைக்கிற வேலையை நன்றாகச் செய்திருக்கிறாய்.

கடப்பாரையைப் பற்றிப் பேசுகிறவன், முதலில் ஓங்கியது யார் என்பதையும் எழுத வேண்டும். நான் கல்லைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தேன். நீ அருவாளை எடுத்தாய். காது அறுந்து தொங்க, கழுத்தெல்லாம் ரத்தம் இறங்க, கையில் கிடைத்ததை எடுத்து வீசினேன். முட்டியைப் பார்த்து வீசவில்லை. மண்டையைப் பார்த்துத்தான் வீசினேன், நீ குதித்துவிட்டாய். மண்டையைக் காப்பாற்றிக்கொண்டதற்கு என் மேல் ஏன் கோபப்படுகிறாய்? நாம் அடித்துக்கொண்ட அந்த இடத்தில் இன்றைக்குக் குப்பை லாரி நிற்கிறது. உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

மாரத்தான் உன் ஆசைதான், யார் இல்லை என்றார்கள்? உன்னால் முடியாமல் போனதற்காக நானும் மூலையில் குந்தியிருக்க வேண்டுமா?

மிரட்டுவதற்கு முன்னால் காலண்டரைப் பார்த்திருக்கலாம். ஆகஸ்ட் பதினைந்து ஆடிக் கடைசி ஞாயிறு. உங்கள் ஊர் அம்மனுக்குக் கூழ் வார்க்கிற நாள். உங்கள் வீட்டு ஆள் கரகம் தூக்கினால்தான் திருவிழாவே. ஒரு வாரம் முன்பே உன் கையில் மஞ்சள் காப்பைக் கட்டிவிடுவார்கள். காப்புக் கட்டினவன் ஊர் எல்லை தாண்டக் கூடாது, சண்டை போடக் கூடாது, ரத்தம் பார்க்கக் கூடாது, இரும்பைத் தொடக் கூடாது. அவன் வீட்டில் அரிவாள்மணைகூட எடுக்க மாட்டார்கள். கீரையைக் கையால் கிள்ளித்தான் குழம்பு வைப்பாள் என் தங்கை. இந்த லட்சணத்தில் அருவாளாம்.

நான் ஓடுவேன். உன் வாசலில் கரகம் நிற்கும். போகும்போது ஒரு கும்பிடு, திரும்பும்போது ஒரு கும்பிடு. உனக்கு இல்லை, அம்மனுக்கு.

துளசிங்கம்

*

பள்ளிக்கரணை
28-7-93

துளசிங்கத்துக்கு,

காப்புக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று கோயிலில் சொல்லிவிட்டேன்.

பெரியவர் தனக்கோடி என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா ஜெயவேலு, ஆத்தாகிட்டயே வேணான்றியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கால் முடியவில்லை என்று பொய் சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பார்கள். போன மூன்று ஆடியும் நொண்டிக்கொண்டேதான் தூக்கினேன், தண்ணீர் சிந்தச் சிந்த. ஊர் முழுக்க ஐயோ பாவம் என்று பார்த்தது. அந்தப் பொய்யை மட்டும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறு ஜோலி இருக்கிறது என்றேன். எங்கள் வீட்டில் இதுவரை ஒருவனும் சொல்லாத வார்த்தை. உன்னால் சொன்னேன்.

அருவாள் சாணை பிடித்து வந்துவிட்டது. பின்கட்டு வாழையில் வைத்துப் பார்த்தேன். ஒரே வீச்சில் மரம் இரண்டு. வீசின வேகத்துக்கு முட்டி தாங்கவில்லை, மரத்தோடு நானும் சாய்ந்தேன். தொட்டியில் விறகு பிளக்கிற சேட்டு சிரித்துவிட்டான். கிடந்த இடத்திலிருந்தே ஒரு சவுக்குக் கட்டையை எடுத்து எறிந்தேன். நெற்றி பிளந்து, தையல் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். அடித்தது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் நான் விழுந்ததைப் பார்த்து ஒருவன் சிரிக்கிறான், அவனுக்கு இரண்டு முட்டியும் நன்றாக இருக்கிறது.

உன் தங்கை ஓடிவந்து தூக்கினாள். தூக்கிக்கொண்டே, "இந்தக் கால வச்சிக்கினு உனக்கு இன்னாத்துக்கு அருவா?" என்றாள். அறைந்தேன். உதடு கிழிந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து கை நீட்டியதில்லை, உனக்கே தெரியும். நீட்டிவிட்டேன். யாராவது வந்து கண் காது மூக்கு வைத்துச் சொல்வதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். அன்றைக்கு இரவு அவள் சாப்பிடவில்லை. மறுநாள் எனக்கு மட்டும் சோறு போட்டாள்.

இப்போது சொல். காப்பு இல்லை. உன் காலண்டரைக் கிழித்துப்போட்டாகிவிட்டது. வருகிறாயா?

ஜெயவேலு

*

சேலையூர்
31-7-93

ஜெயவேலு,

நீ காப்பு வேண்டாம் என்று சொன்ன செய்தி உன் கடிதத்துக்கு முன்பே இங்கே வந்துவிட்டது. நான் பந்தயக் கமிட்டி சின்னப்பனிடம் போய் என் பெயரை அடிக்கச் சொன்னேன். என்ன சார், உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டான். ஆமாம் என்றேன். பயம் இல்லை. உன் வீட்டுக் கரகம் என்னால் நின்றது என்று நாளைக்கு ஊர் பேசினால், அந்த ஊரில் தலைநிமிர்ந்து நடக்க வேண்டியவள் என் தங்கை. ஆறு மாதமாக ஓடிப் பழகியிருக்கிறேன். கால் நகம் இரண்டு கருத்து விழுந்துவிட்டது. போகட்டும், ஏரிக்கரையையே சுற்றிக்கொண்டு கிடக்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வந்ததும் உன் கடிதத்தைப் பிரித்தேன்.

அவள் மேல் கை வைத்தாயா? அதை எனக்கே எழுதுகிறாயா? மழை பெய்தது, கடைக்கு லீவு விட்டேன் என்று எழுதுகிற மாதிரி?

திரும்பிச் சின்னப்பனிடம் போய்ப் பெயரை மறுபடி எழுதச் சொல்லிவிட்டேன். உடம்பு சரியாகிவிட்டதா என்றான். இப்போதுதான் சரியாகியிருக்கிறது என்றேன்.

நன்றாகக் கேட்டுக்கொள். திரும்பும்போது என்று நீ எழுதினாய். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. போகும்போதே உன் வாசலில் நிற்பேன். கடையில் ஒரு கடப்பாரையைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். விற்பனைக்கு இல்லை என்று எழுதியும் ஒட்டியாகிவிட்டது. முந்தின நாளே ஆள் மூலமாக உன் வீட்டுக்கு எதிர்ப் புதரில் போட்டு வைத்துவிடுவேன். நீ அருவாளோடு இறங்கு. உனக்கு இன்னொரு முட்டி மிச்சம் இருக்கிறது. இந்தத் தடவை குதிக்க முடியாது.

நீ செத்தால் என் தங்கை தாலி அறுப்பாளே என்றுதான் நாலு வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். உதடு கிழிந்தவளுக்கு அந்தத் தாலி எதற்கு?

துளசிங்கம்

*

பள்ளிக்கரணை
8-8-93

மரியாதைக்குரிய மச்சான் துளசிங்கம் அவர்களுக்கு,

இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று உன் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறாள். முறையாக அழைக்கிற கடிதமாம், மரியாதை குறையக் கூடாதாம். எழுதிவிட்டேன். இதற்குமேல் மரியாதை என்னிடம் ஸ்டாக் இல்லை.

உன் கடிதத்தை அவள்தான் வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு மடித்து அடுப்பில் வைத்தாள். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனாள். வீட்டு ஆண் மாட்டேன் என்றால் வீட்டுப் பெண் கரகம் எடுக்கலாம் என்று ஒரு வழக்கம் உண்டாம். யாரும் செய்து நான் பார்த்ததில்லை. தனக்கோடி தயங்கியிருக்கிறார். இவள் கையை நீட்டிக்கொண்டே நின்றிருக்கிறாள், உதட்டு வீக்கம் வற்றாத முகத்தோடு. யார் அடித்தது என்று யாரும் கேட்கவில்லை, யாருக்கும் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. கட்டிவிட்டார்.

காப்பு ஒருத்தர் கையில் கட்டினாலும் வீடு முழுக்கக் கட்டினதாகத்தான் அர்த்தம். தொட்டியிலிருக்கிற கோடாலி, அருவாள், வெட்டுக்கத்தி எல்லாவற்றையும் சாக்கில் போட்டுக் கட்டிக் கோயிலுக்கு அனுப்பிவிட்டாள். சேட்டுவே சைக்கிளில் வைத்துக் கொண்டுபோனான், நெற்றியில் கட்டோடு, ரொம்ப சந்தோஷமாக. எதிர்ப் புதரில் ஆள் வந்து போட்டால் அதுவும் கோயிலுக்குத்தான் போகுமாம். உனக்குச் சொல்லச் சொன்னாள்.

அந்தக் காப்பை அறுத்துப்போடத்தான் போனேன். கையைப் பிடித்துவிட்டேன். அவள் இழுத்துக்கொள்ளவில்லை. "அறு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். என் கை அந்த நூலிலேயே நின்றது. இரும்பு மாதிரி இருக்கிறது, வெறும் மஞ்சள் நூல்.

இனி அழைப்பு. பெண் கரகம் எடுத்தால் தாய்வீட்டுச் சேலை கட்டித்தான் எடுக்க வேண்டும். அதைக் கூடப்பிறந்தவன் கரகம் எடுக்கிற அன்று காலையில் தன் கையால் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். ஆள் மூலம் அனுப்பினால் செல்லாது. புருஷன் முறையாக அழைக்க வேண்டும், அழைத்துவிட்டேன். சேலை வராவிட்டால் குடம் தரையை விட்டு எழும்பாது, இவள் வாசலில் நின்றுகொண்டே இருப்பாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது, இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. சேலை கொண்டுவந்தவன் கூழ் குடித்து, மறுநாள் காப்பு அவிழ்க்கிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அதாவது உன் மாரத்தான் என் வாசலோடு சரி. கிண்டியும் இல்லை, திரும்புகிற ஓட்டமும் இல்லை. என் காலை நீ கடப்பாரையால் உடைத்தாய். உன் காலை உன் தங்கை ஒரு சேலையால் உடைத்துவிட்டாள்.

அன்றைக்கு நமக்குள் ஒன்றும் நடக்காது. ஆனால் திங்கட்கிழமை காலையில் காப்பு அவிழும், சாக்கும் அவிழும். அதையும் ஞாபகம் வைத்துக்கொண்டு வா.

ஜெயவேலு

*

சேலையூர்
11-8-93

மாப்பிள்ளைக்கு,

செல்லியம்மாள் மஞ்சள் சேலை எடுத்துவிட்டாள். ஷூவையும் அவளே மூட்டையிலிருந்து எடுத்துத் தவிட்டைத் தட்டிக் கொடுத்தாள்.

பந்தயத்தை விட்டுவிட்டுக் காலையில் பஸ்ஸில் போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள், முடிக்க முடியாத ஓட்டத்தை எதற்கு ஓட வேண்டும் என்கிறாள். எனக்கும் அது புரிகிறது. சின்னப்பனிடம் சொல்லத்தான் மறுபடி கிளம்பினேன், பாதி வழியில் திரும்பிவிட்டேன். பஸ்ஸில் வந்து இறங்கினால் உன்னைப் பார்த்துப் பயந்து பந்தயத்தை விட்டவன் ஆவேன். ஓடி வருகிறேன். தாம்பரத்திலிருந்து உன் வாசல் வரைக்கும் என் ஓட்டம், அதற்குப் பிறகு என் தங்கையின் திருவிழா. சேலையை இடுப்பில் சுற்றிக்கொள்வேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

கடப்பாரை கடையில்தான் இருக்கிறது. திங்கட்கிழமையைப் பற்றித் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

துளசிங்கம்

*

பள்ளிக்கரணை
24-8-93

மச்சான்,

தாயாரம்மாளைக் கூட்டிக்கொண்டு நீ போய் ஒரு வாரம் தாண்டிவிட்டது. விறகுத் தொட்டியில் விறகு இருக்கிறது, ஆள் இருக்கிறான், வியாபாரமும் நடக்கிறது. வீட்டுக்குள் போனால்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு விஷயம் கேட்க வேண்டும், அதற்குத்தான் எழுதுகிறேன்.

அன்றைக்கு நீ வந்ததைத் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். இளவட்டங்கள் நாலைந்து பேருக்குப் பின்னால், மஞ்சள் சேலையைச் சுற்றிக்கொண்டு, இன்னும் அதே மாதிரி இடது தோளைத் தூக்கிக்கொண்டுதான் ஓடுகிறாய். எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், தோளை இறக்கு என்று. வாசலில் நின்றாய். பின்னால் வந்த பையன்கள் ஓடுங்க சார், நிக்காதீங்க சார் என்று கத்திக்கொண்டே போனார்கள். சேலையைக் கொடுத்துவிட்டு, அவர்கள் முதுகு மறைகிற வரைக்கும் வேளச்சேரிப் பக்கமே பார்த்தாய். உன் கால் மட்டும் நிற்காமல் துடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க எனக்கு இனித்திருக்க வேண்டும். இனிக்கவில்லை. அவர்கள் திரும்பி வந்தபோது நீ கூழ்க் குண்டானோடு திண்டாடிக்கொண்டிருந்தாய், தலையைத் தூக்கவே இல்லை.

நீ இருந்த நேரம் முழுக்க நான் வாசல் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை, கவனித்தாயா? சோறுகூட அங்கேயே வாங்கித் தின்றேன். உன் எதிரில் நொண்டக் கூடாது என்று வைராக்கியம்.

திங்கட்கிழமை காப்பு அவிழ்ந்தது. சாக்கு வந்தது. என் கை முதலில் எடுத்தது அருவாளைத்தான். அவள் துணியை எல்லாம் பையில் எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தாள். "யாரும் சாவக் கூடாதுன்னுதான் கட்டினேன். நீ அடிச்சத மன்னிச்சிட்டேன்னு யார் சொன்னா?" என்றாள். எதிர்த்த பஸ் ஸ்டாப் கல்லில் நீ ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய். உன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். என் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே என்று ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. அருவாளோடு இறங்கி வந்தேன்.

உனக்கு நேர் பின்னால் நின்றேன் மச்சான். அந்தப் பாதிக் காது தெரிந்தது. ஓங்கிவிட்டேன். தாயாரம்மாள் மட்டும் திரும்பிப் பார்த்தாள். கத்தவில்லை, குறுக்கே வரவில்லை. "அண்ணன் திரும்பாது. நீ போயி முட்டிக்கு எண்ண தேச்சிக்கினு படு" என்றாள். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்கிற மாதிரி சொன்னாள். ஓங்கின கையை எப்படி இறக்கினேன், எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று நினைவில்லை. வந்ததும் பெஞ்சைத்தான் வெட்டினேன், சுள்ளியாகிற வரைக்கும்.

நீ ஏன் திரும்பவில்லை? திரும்பி என் முகத்தைப் பார்த்திருந்தால் வெட்டியிருப்பேன், சத்தியமாக வெட்டியிருப்பேன். நான் வந்தது கேட்கவில்லை என்று மட்டும் சொல்லாதே. உனக்கு மிச்சமிருக்கிற காது நல்ல காது.

அவளை அனுப்பு. அனுப்பச் சொல்லிக் கேட்கிறேன்.

ஜெயவேலு

*

சேலையூர்
29-8-93

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தைத் தாயாரம்மாளிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள். என்ன எழுதட்டும் என்று கேட்டேன். உதடு ஆறட்டும் என்று எழுது என்றாள். உதடு எப்போதோ ஆறிவிட்டது. இதற்குமேல் என்னைக் கேட்காதே. நீ அவளுக்கு எழுது, எனக்கு எழுதுகிற மாதிரி இல்லாமல்.

உன் மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. அவள் வாய் திறந்து சிரிக்கும்போதெல்லாம் அந்தத் தழும்பு தெரிகிறது, கை கடப்பாரையைத் தேடுகிறது. இதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

சின்னப்பன் அடுத்த வருஷத்துக்கும் பெயரைக் கேட்டான். இன்னும் சொல்லவில்லை. தோளை இறக்கி ஓடிப் பார்க்கிறேன், மூச்சு கொஞ்சம் தாங்கத்தான் செய்கிறது.

ஏன் திரும்பவில்லை என்று கேட்டாய். கேட்டது. நீ தொட்டியிலிருந்து இறங்கினபோதே கேட்டது. ஏரிக்கரையில் அத்தனை வருஷமும் உன் முதுகைப் பார்த்து ஓடினவன் நான். உன் காலடி எனக்கு எப்போதும் முன்னாலிருந்துதான் கேட்கும், ஒரே சீராக. மூச்சு முட்டி நின்றுவிடலாம் என்று தோன்றும்போதெல்லாம் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஓடியிருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அது எனக்குப் பின்னாலிருந்து கேட்டது. ஒரு கால் விழுந்தது. இன்னொரு கால் இழுபட்டது. மறுபடி ஒன்று விழுந்தது.

கையில் அருவாள் இருக்கும் என்று தெரியும். வெட்டினால் வெட்டிக்கொண்டு போகட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பயம் அருவாளிடம் இல்லை மாப்பிள்ளை. திரும்பினால் நீ நடந்து வருவதைப் பார்க்க வேண்டியிருக்கும்.

துளசிங்கம்